வெளிநாட்டு நிறுவனத்தின் படிவத்தில் "சர்வதேசத் தணிக்கைத் தரநிலை" என்ற கட்டம்: டிக் போடலாமா?

மண்ணடி கணக்குப்பிள்ளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லிங்கி செட்டித் தெருவில் இயங்கும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம் ஆகிய இரண்டின் வழியாகவும் கன்டெய்னர் சரக்கை ஏற்றி அனுப்பும் ஃபார்வர்டிங் தொழில் எங்களுடையது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் இங்கே ஏஜென்ட். அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் இம்முறை ஒரு படிவத்தை அனுப்பியிருக்கிறார்கள். அதில் மூன்று கேள்விகள் எங்களை நிறுத்திவைத்துள்ளன.

முதலாவது, உங்கள் தணிக்கையாளர் சர்வதேசக் கணக்காளர் கூட்டமைப்பில் இடம்பெற்ற ஓர் அமைப்பின் உறுப்பினரா? இரண்டாவது, தணிக்கை சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகளின்படி நடந்ததா? மூன்றாவது, கணக்குகள் சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளின்படி தயாரிக்கப்பட்டவையா? மூன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.

எங்கள் ஆடிட்டர் பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு ஆர்ட்டிகிள் (சி.ஏ. பயிற்சி) மாணவர்களோடு அலுவலகம் நடத்துபவர். நேர்மையானவர், பல ஆண்டுப் பழக்கம். அவரைக் கேட்டால், "எல்லாம் ஒன்றுதான், மூன்றுக்கும் ஆம் போடுங்கள்" என்கிறார். முதலாளியும் அதையே சொல்கிறார். எனக்குத்தான் கை வரவில்லை. டெல்லியில் தலைமையகம் உள்ள ஒரு கழகம் உலகத் தரத்தை ஏற்றுக்கொண்டதாக அறிவிப்பது ஒன்று. அந்தத் தரம் எம்.சி. ரோட்டுக்குப் பின்னாலுள்ள ஒரு மாடி அறையில், எங்களுடைய ஃபைலில் நடைமுறையில் இருப்பது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே என்னதான் இருக்கிறது? வெளியாளான நான் சரிபார்த்துக்கொள்ள ஏதேனும் வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


பெரம்பூர் சி.ஏ. எழுதியது:

ஐயா, மூன்று கேள்விகளுக்கும் மூன்று வேறு விடைகள் உள்ளன. உங்கள் கை தயங்கியது நியாயமே.

முதல் கேள்விக்கு ஆம் என்று எழுதலாம். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், அதாவது நாம் ஐ.சி.ஏ.ஐ. என்றோ வெறுமனே இன்ஸ்டிடியூட் என்றோ சொல்வது, 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு ஜூலை 1 முதல் இயங்கிவருகிறது. சர்வதேசக் கணக்காளர் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐஃபேக், 1977 அக்டோபரில் மியூனிக் நகரில் உருவானபோது அதைத் தொடங்கிவைத்த அமைப்புகளில் நம் கழகமும் ஒன்று. தனியாள் எவரும் ஐஃபேக்கில் உறுப்பினராக முடியாது. நாட்டளவிலான கணக்காளர் அமைப்புகள்தான் அதில் சேர முடியும். ஆகவே படிவத்தில் உங்கள் ஆடிட்டரின் பெயரோடு அவருடைய கழக உறுப்பினர் எண்ணையும் எழுதிவிட்டால் அந்தக் கேள்வி முடிந்தது.

சேர்ந்த அமைப்பு சந்தா கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. உறுப்பமைப்புகளின் கடப்பாடுகள் என்று ஐஃபேக் ஏழு அறிக்கைகளை வகுத்திருக்கிறது. தணிக்கை அலுவலகங்களின் தர மதிப்பாய்வு, கணக்காளர் கல்வி, தணிக்கைத் தரநிலைகள், ஒழுக்கநெறி, அரசுத் துறைக் கணக்கியல், விசாரணையும் ஒழுங்கு நடவடிக்கையும், நிறுவனங்களின் நிதி அறிக்கை என்பவை அந்த ஏழு. ஒரு பொருளில் நேரடி அதிகாரம் கழகத்தின் கையில் இருந்தால் கழகமே அதை நிறைவேற்ற வேண்டும். அதிகாரம் அரசிடம் இருந்தால், அரசை அந்தத் திசையில் நகர்த்தத் தன்னால் ஆன எல்லா முயற்சியையும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டு அமைப்பும் எந்தக் கடப்பாட்டில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் என்ன செய்யவிருக்கிறது என்ற செயல்திட்டத்தை ஐஃபேக் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடப்பாட்டைப் புறக்கணிக்கும் அமைப்பை இடைநீக்கவோ வெளியேற்றவோ ஐஃபேக்குக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு தனி ஆடிட்டர்மீது அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. அந்த அதிகாரம் முழுக்க இந்தியச் சட்டத்திலிருந்துதான் வருகிறது. இந்த ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

இரண்டாம் கேள்விதான் சிக்கலானது. சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகளை, அதாவது ஐ.எஸ்.ஏ.க்களை, அடிப்படையாகக் கொண்டு நம் கழகம் எஸ்.ஏ. என்ற தரநிலைகளை வெளியிடுகிறது. 2008-இல் பழைய வரிசை எண்களைக் கைவிட்டு, சர்வதேச எண்களையே நம்முடையவற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். வெளியாரிடமிருந்து கடிதம் மூலம் நிலுவையை உறுதிசெய்வது அங்கே ஐ.எஸ்.ஏ. 505, இங்கே எஸ்.ஏ. 505, நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்று ஆராய்வது அங்கேயும் 570, இங்கேயும் 570. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 143(9) பிரிவு இவற்றைப் பின்பற்றுவதைத் தணிக்கையாளரின் சட்டக் கடமையாக்கியிருப்பதால், இவை அறிவுரை நிலையில் நின்றுவிடாமல் சட்டத்தின் வலுவைப் பெறுகின்றன. உங்கள் ஆடிட்டர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஆனாலும் ஒன்றல்ல. இங்குள்ள சட்டத்துக்கும் சூழலுக்கும் ஏற்பச் செய்யப்பட்ட மாற்றங்கள், நம் எஸ்.ஏ. ஆவணங்களின் இறுதியில் சர்வதேச மூலத்திலிருந்து விலகிய இடங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. அத்துடன் ஐ.எஸ்.ஏ. 200-இல் ஒரு கண்டிப்பான விதி உண்டு: பொருந்தக்கூடிய எல்லா ஐ.எஸ்.ஏ.க்களையும் நிறைவேற்றியிருந்தாலொழிய, தணிக்கையாளர் தம் அறிக்கையில் ஐ.எஸ்.ஏ.க்களின்படி தணிக்கை செய்ததாகச் சொல்லக் கூடாது. உங்கள் கையிலுள்ள தணிக்கை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 143(10) பிரிவின்கீழ்க் குறிப்பிடப்பட்ட தரநிலைகளின்படி தணிக்கை செய்தோம் என்றுதான் இருக்கும். கையெழுத்திட்ட அறிக்கையில் அவரே சொல்லாத ஒன்றை, படிவத்தில் நீங்கள் அவர் சார்பில் சொல்லலாகாது.

ஒழுக்கநெறியிலும் இதே உறவுதான். கழகத்தின் நெறிக்கோவையுடைய 12-ஆம் பதிப்பு, சர்வதேச நெறிமுறை வாரியத்தின் 2018-ஆம் ஆண்டுக் கோவையைத் தழுவி 2019-இல் வந்து, சில பகுதிகள் நீங்கலாக 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நேர்மை, சார்பின்மை, தொழில் திறனும் உரிய கவனமும், இரகசியம் காத்தல், தொழிலுக்கு ஏற்ற நடத்தை என்ற ஐந்து அடிப்படைகளும் அப்படியே இருக்கின்றன. சில இடங்களில் நாம் உலகத்தைவிடக் கடுமையாகவும் இருக்கிறோம். சர்வதேசக் கோவை கண்ணியமான விளம்பரத்தை அனுமதிக்கிறது. இங்கே பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையே வாடிக்கையாளரைத் தேடிப்போவதையும் விளம்பரத்தையும் தொழில்முறைத் தவறாக வைத்திருக்கிறது. பொதுநலன் சார்ந்த பெரிய நிறுவனமாக இல்லாத வாடிக்கையாளருக்கு, எந்திரத்தனமான கணக்கெழுதும் வேலையைத் தணிக்கையாளரே சில காப்புகளோடு செய்துதரச் சர்வதேசக் கோவை இடம் தருகிறது. நம் நிறுவனங்கள் சட்டத்தின் 144-ஆம் பிரிவோ எந்தக் கம்பெனிக்கும் அதைத் தடைசெய்கிறது. "டேலியில் என்ட்ரியும் நீங்களே போட்டுவிடுங்கள் சார்" என்று ஆடிட்டரிடம் கேட்கும் முதலாளிகள் வடசென்னையில் எத்தனை பேர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் கேள்விக்கு விடை "இல்லை" என்பதே. சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளைத் (ஐ.எஃப்.ஆர்.எஸ்.) தழுவிய இந்தியக் கணக்கியல் தரநிலைகள், அதாவது இன்ட் ஏ.எஸ்., 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் 1 முதலும், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட மற்ற நிறுவனங்களுக்கும் 250 கோடி ரூபாய் நிகர மதிப்பைத் தொட்ட பட்டியலிடாத நிறுவனங்களுக்கும் 2017 ஏப்ரல் 1 முதலும் வந்தது. உங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் 2021-ஆம் ஆண்டுக் கணக்கியல் தரநிலை விதிகளின்கீழ் பழைய ஏ.எஸ். வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சட்டம் உங்களுக்கு வகுத்த வழி அது.


தண்டையார்பேட்டை ஓய்வூதியர் எழுதியது:

நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் பல காலம் இருந்து ஓய்வு பெற்றவன். பெரம்பூர் நண்பர் மேலிருந்து கீழே விளக்கினார். நான் கீழேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வங்கி மேசையில் எங்களுக்கு வந்த பெரிய தலைவலி தரநிலைகளைப் பற்றியதே அல்ல, கையெழுத்தைப் பற்றியது. நிகர மதிப்புச் சான்றிதழ், விற்பனைச் சான்றிதழ் என்று வரும் தாள்களில், சி.ஏ. படித்தே இராத ஒருவர் யாருடைய முத்திரையையோ குத்திக் கையெழுத்திட்டிருப்பார். அந்த உறுப்பினர் எண்ணுக்குரியவருக்கு அப்படியொரு தாள் இருப்பதே தெரியாது. இதற்காகத்தான் கழகம் யூடின் என்ற 18 இலக்க அடையாள எண்ணைக் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் சான்றிதழ்களுக்கும், ஏப்ரல் 1 முதல் ஜி.எஸ்.டி., வருமானவரித் தணிக்கை அறிக்கைகளுக்கும், ஜூலை 1 முதல் மற்றத் தணிக்கைகளுக்கும் அது கட்டாயம். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும், அடுத்த ஆறு உறுப்பினர் எண்ணையும் குறிக்கும். கழகத்தின் யூடின் தளத்தில் யார் வேண்டுமானாலும் எண்ணை இட்டு, எந்த ஆவணம், எந்த நாளில் கையெழுத்தானது, அதில் பதிவான முக்கியத் தொகைகள் எவை என்று பார்த்துக்கொள்ளலாம். மண்ணடி நண்பர் இன்றே செய்யக்கூடிய சோதனை இது. உங்கள் இருப்புநிலைக் குறிப்பில் உள்ள தொகையும் தளத்தில் காட்டும் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை நெதர்லாந்துக்கும் அனுப்புங்கள். அவர்களும் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளட்டும்.

இது எந்தச் சர்வதேசத் தரநிலையும் கேட்ட ஏற்பாடு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்குள்ள நோய்க்கு இங்கேயே கண்டுபிடித்த மருந்து. அதே நேரத்தில், யூடின் சரியாக இருந்தால் கையெழுத்து அசல் என்று மட்டுமே பொருள். தணிக்கை ஒழுங்காக நடந்ததா என்பதை அது சொல்லாது.

ஒழுங்கு நடவடிக்கை என்ற கடப்பாட்டில் எனக்கு மனக்குறை உண்டு. அமைப்பு காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. புகார் வந்தால் ஒழுங்கு இயக்குநர் முதற்கட்டமாக ஆராய்வார்; முதல் அட்டவணைத் தவறுகள் ஒழுங்கு வாரியத்துக்கும், உரிய கவனமின்மை, கடும் அலட்சியம் போன்ற இரண்டாம் அட்டவணைத் தவறுகள் ஒழுங்குக் குழுவுக்கும் போகும். வாரியம் கண்டிக்கலாம், மூன்று மாதம்வரை பெயரை நீக்கலாம், ஒரு லட்சம்வரை அபராதம் போடலாம். குழுவோ நிரந்தரமாகவே பெயரை நீக்கலாம், ஐந்து லட்சம்வரை அபராதம் விதிக்கலாம் என்பது 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த அளவு. ஆனால் புகார் கொடுத்தவர் தீர்ப்பைப் பார்ப்பதற்குள் கடன் கணக்கே வாராக் கடனாக எழுதித் தள்ளப்பட்டிருக்கும். அதுமட்டுமன்றி, தணிக்கையாளரை விசாரிப்பவர்களில் பெரும்பான்மை தணிக்கையாளர்களாகவே இருந்தது என் போன்றோருக்கு என்றும் உறுத்தல்தான். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவரே கணக்கில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியபோது, இந்த ஏற்பாடு போதுமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. 2018 அக்டோபர் 1 அன்று நஃப்ரா என்ற தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்ததும், பட்டியலிட்ட நிறுவனங்கள், மிகப் பெரிய பொது நிறுவனங்கள் ஆகியவற்றின் தணிக்கையாளர்களை விசாரிக்கும் வேலை கழகத்தின் கையைவிட்டுப் போனதும் அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான். ஆறு மாதம் முதல் பத்து ஆண்டுவரை தணிக்கை செய்யவே விடாமல் தடுக்க நஃப்ராவால் முடியும். 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டமும், கழகத்தின் ஒழுங்கு அமைப்புகளுக்குப் பட்டயக் கணக்காளர் அல்லாத ஒருவர் தலைமை வகிக்க வழிசெய்திருக்கிறது. கழகம் தானாக விரும்பி இந்தப் பக்கம் நடந்ததாக நான் நினைக்கவில்லை. பெரம்பூர் நண்பர் மறுக்கலாம்.


வியாசர்பாடி ஆர்ட்டிகிள் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதாக நினைக்க வேண்டாம். நான் ஆர்ட்டிகிள்ஷிப் செய்துகொண்டிருக்கும் மாணவி. 2023 ஜூலையில் வந்த புதிய கல்வித் திட்டம் இந்தப் பயிற்சியை மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மண்ணடி ஐயா கேட்ட அந்த "நடுவே உள்ளது" என்பது எங்கள் அலுவலகத்தில் ஃபைல்தான். நாங்கள் ஒர்க்கிங் பேப்பர் என்று சொல்கிறோம்.

எங்கள் அலுவலகத்துக்குப் பியர் ரிவ்யூ, அதாவது வேறொரு தணிக்கையாளர் வந்து எங்கள் வேலையின் தரத்தைப் பார்க்கும் மதிப்பாய்வு, வந்தபோது நான் உடனிருந்தேன். இந்தத் திட்டத்துக்கான வாரியத்தைக் கழகம் 2002-இல் அமைத்தது; இப்போது கட்டம் கட்டமாக மேலும் பல அலுவலகங்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவருகிறார்கள். வாரியம் மூன்று மதிப்பாய்வாளர்களின் பெயர்களைத் தரும். அதில் ஒருவரை அலுவலகம் தேர்ந்துகொள்ள வேண்டும். வந்தவர் எங்கள் சாருக்கு முன்பின் அறிமுகமில்லாதவர். வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து சிலரை அவரே பொறுக்கி எடுத்துக்கொண்டார். நாங்கள் எடுத்துவைத்திருந்த அழகான ஃபைல்களை அவர் தொடவே இல்லை.

அவர் கேட்ட கேள்விகள் எதுவும் லாபம் சரியா, வரி சரியா என்பதாக இருக்கவில்லை. வேலை தொடங்குமுன் பொறுப்பை வரையறுத்துக் கடிதம் எழுதினீர்களா என்றார், அது எஸ்.ஏ. 210. எவ்வளவு தொகைக்கு மேற்பட்ட பிழையைப் பெரிதாகக் கருதுவோம் என்று எங்கே கணக்கிட்டிருக்கிறீர்கள் என்றார், அது 320. நூற்றுக்கணக்கான பில்களில் இந்தப் பில்களை மட்டும் பார்த்ததற்கு என்ன அடிப்படை என்றார், அது 530. வாய்மொழியாக விளக்கம் சொன்னால் அவர் ஏற்கவில்லை. "பார்த்தீர்கள் என்பதை நம்புகிறேன், பார்த்ததற்குத் தாள் எங்கே?" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. எஸ்.ஏ. 230 கேட்பதும் அதைத்தானே: இந்த வேலையில் முன்பு எந்தத் தொடர்பும் இல்லாத, அனுபவமுள்ள இன்னொரு தணிக்கையாளர் அந்த ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்பட்டது, என்ன கிடைத்தது, ஏன் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று புரிந்துகொள்ள முடிய வேண்டும். அறிக்கையில் கையெழுத்திட்ட நாளிலிருந்து சாதாரணமாக 60 நாட்களுக்குள் ஃபைலைக் கட்டி முடித்துவிட வேண்டும். அதன்பிறகு எந்தத் தாளையும் எடுத்துவிடக் கூடாது.

ஆகவே ஐயா உங்கள் ஆடிட்டரிடம் நேராகவே கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பியர் ரிவ்யூ சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது உள்ள அலுவலகங்களின் பட்டியலைக் கழகத்தின் தளத்திலும் பார்க்கலாம். இன்னொன்று, உங்கள் பக்கத்திலிருந்தே தெரிந்துவிடும்: கடந்த தணிக்கையின்போது உங்கள் வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் நிலுவையை உறுதிசெய்யக் கடிதமோ மின்னஞ்சலோ போனதா? போயிருந்தால், பதில் ஆடிட்டருக்கு நேரடியாக வந்ததா, அல்லது உங்கள் வழியாக வந்ததா? உங்கள் வழியாக வந்திருந்தால் எஸ்.ஏ. 505-இன் நோக்கமே அடிபட்டுவிடும்.


மண்ணடி கணக்குப்பிள்ளை எழுதியது:

மூவருக்கும் நன்றி. யூடினைச் சோதித்தேன், தொகைகள் ஒத்துப்போகின்றன. பியர் ரிவ்யூ சான்றிதழும் இருக்கிறது. ஆடிட்டர் கேட்டவுடன் எடுத்துக் காட்டினார். உறுதிக் கடிதங்கள் அவருடைய அலுவலகத்திலிருந்தே போயிருக்கின்றன. சில கப்பல் நிறுவனங்கள் மட்டும் பதிலே போடவில்லையாம்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. எங்களுக்குத் தூத்துக்குடியில் ஒரு கிளை உண்டு. அதன் கணக்கை அங்குள்ள வேறொரு ஆடிட்டர் தணிக்கை செய்து அறிக்கை அனுப்புகிறார், இங்குள்ளவர் அதைச் சேர்த்துக்கொண்டு கையெழுத்திடுகிறார். இது படிவத்தின் இரண்டாம் கேள்வியைப் பாதிக்குமா? அடுத்து, சர்வதேசத் தரநிலைப்படி கணக்கு இல்லை என்று எழுதினால் எங்கள் விற்றுமுதல் எண்ணையே நம்பமாட்டார்களோ என்று முதலாளி அஞ்சுகிறார். கப்பல் கட்டணமாக வாங்கி அப்படியே கப்பல் நிறுவனத்துக்குக் கட்டும் பணம் எங்கள் கணக்கில் மிகப் பெரியது.


பெரம்பூர் சி.ஏ. எழுதியது:

தூத்துக்குடிக் கிளையைப் பற்றி நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் என் முதல் பதில் பாதியாகக் குறைந்திருக்கும்.

சர்வதேசத் தரநிலைக்கும் நம்முடையதற்கும் எண் ஒன்றாக இருந்தும் உள்ளடக்கம் கணிசமாக வேறுபடுவது 600-இல்தான். ஐ.எஸ்.ஏ. 600-இன்படி, ஒரு குழுமத்தின் எந்த உறுப்பை யார் தணிக்கை செய்திருந்தாலும், மொத்தக் கணக்குக்குக் கையெழுத்திடும் தணிக்கையாளரே முழுப் பொறுப்பாளி. கீழே உள்ளவர் என்ன செய்ய வேண்டும் என்று அவரே திட்டமிட்டு, அவரே மேற்பார்த்து, அவரே மதிப்பிட வேண்டும். அதன் திருத்திய வடிவம் 2023 டிசம்பர் 15 முதல் தொடங்கும் காலங்களுக்கு வந்திருக்கிறது; அதில் கிளைகளும் உறுப்புகளாகவே கருதப்படக்கூடும். நாம் நீண்டகாலமாகப் பின்பற்றும் எஸ்.ஏ. 600 மற்றொரு தணிக்கையாளரின் வேலையைப் பயன்படுத்துவது பற்றியது. அதன்படி முதன்மைத் தணிக்கையாளர் மற்றவரின் அறிக்கையைச் சில நடைமுறைகளுக்குப் பின் நம்பி ஏற்கலாம். யாருடைய பொறுப்பு எதுவரை என்பதைத் தம் அறிக்கையிலேயே பிரித்துக் காட்டலாம். உங்கள் தணிக்கை அறிக்கையில் கிளைத் தணிக்கையாளரைப் பற்றி ஒரு பத்தி இருக்கும், பாருங்கள். அது நம் சட்டப்படி முற்றிலும் சரி. ஐ.எஸ்.ஏ.யின்படி அதே வேலைக்கு இன்னும் நிறையச் செய்திருக்க வேண்டும். ஆகவே இரண்டாம் கட்டத்தில் ஆம் என்று போடுவது உங்கள் விஷயத்தில் வெறும் நுணுக்கப் பிழையாக முடியாது.

இந்த வேறுபாட்டை நீக்க நஃப்ரா 2024-இல் திருத்திய எஸ்.ஏ. 600-ஐ முன்வைத்தபோது கழகம் வெளிப்படையாக எதிர்த்தது. முழுப் பொறுப்பும் மேலே உள்ளவரிடம் சேர்ந்தால், பெரிய அலுவலகங்கள் எல்லா உறுப்புகளையும் தாங்களே எடுத்துக்கொள்ளும், சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கு வேலை போய்விடும் என்பது எதிர்ப்பின் சாரம். சிறிய அலுவலகம் நடத்துபவன் என்ற முறையில் அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஐஃபேக்குக்குக் கொடுத்த வாக்கையும் உறுப்பினர்களின் பிழைப்பையும் ஒருங்கே காக்க வேண்டிய நிலையில் கழகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இந்த ஓர் எண்ணில் பார்த்துவிடலாம். தண்டையார்பேட்டை ஐயா சொன்னதை நான் மறுக்கப்போவதில்லை. மறுபக்கத்தில் ஒரு சான்றும் சொல்ல வேண்டும்: தணிக்கை ஆவணங்களைச் சர்வதேசத் தரக்கட்டுப்பாட்டு நெறி ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொன்ன காலத்தில், நம் கழகத்தின் தரக்கட்டுப்பாட்டுத் தரநிலையான எஸ்.கியூ.சி. 1 ஏழு ஆண்டு கேட்டது. எல்லா இடத்திலும் தளர்த்திக்கொண்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

விற்றுமுதலைப் பற்றி முதலாளி அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஏ.எஸ். 9 தெளிவாகவே சொல்கிறது: முகவர் உறவில் வருவாய் என்பது கமிஷன் தொகைதான், கையில் வந்துபோகும் மொத்தப் பணமன்று. சர்வதேச ஐ.எஃப்.ஆர்.எஸ். 15, தன் பொருட்டு விற்பவரா, பிறர் பொருட்டு நடப்பவரா என்று கேட்டு, சரக்கோ சேவையோ வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதை வைத்து முடிவுசெய்கிறது. சரக்கை ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கை உங்கள் பெயரில் நீங்களே வெளியிட்டு, சரக்கு சேரும்வரை பொறுப்பேற்று, கட்டணத்தையும் நீங்களே நிர்ணயித்தால் மொத்தத் தொகையும் வருவாயாகலாம். கப்பல் நிறுவனத்தின் கட்டணத்தை வாங்கி அப்படியே கட்டிவிட்டுக் கமிஷன் மட்டும் எடுத்தால், அந்தப் பகுதியை வருவாயில் சேர்க்கக் கூடாது. இரண்டு வகை வேலையும் உங்களிடம் இருக்கும். இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறீர்களா, கணக்குக் கொள்கைக் குறிப்பில் அதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நெதர்லாந்துக்காரர்கள் மூன்றாம் கேள்வியில் அறிய விரும்புவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஏனெனில் மொத்தமாகக் காட்டிய விற்றுமுதலை வைத்து ஒரு ஏஜென்டின் பலத்தை அளந்தால் ஏமாந்துபோவார்கள்.

படிவத்தில் இரண்டாம் கேள்விக்கு எந்தக் கட்டத்திலும் டிக் போடாமல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "இந்தியாவின் நிறுவனங்கள் சட்டம் 2013, 143(10) பிரிவில் குறிப்பிடப்பட்ட தணிக்கைத் தரநிலைகளின்படி தணிக்கை செய்யப்பட்டது. அவை சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகளை அடிப்படையாகக் கொண்டவை, எஸ்.ஏ. 600 உள்ளிட்ட சிலவற்றில் வேறுபாடு உண்டு. தூத்துக்குடிக் கிளை வேறொரு தணிக்கையாளரால் தணிக்கை செய்யப்பட்டது." மூன்றாவதற்கு இல்லை என்று போட்டு, 2021-ஆம் ஆண்டு விதிகளின் பெயரையும் வருவாய்க் கொள்கைக் குறிப்பையும் இணையுங்கள். ஆங்கிலத்தில் எழுதி, அனுப்புவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். அவருடைய வேலையைப் பற்றிய வாக்கியம் அவர் கண்ணில் படாமல் வெளியே போகக் கூடாது.


தண்டையார்பேட்டை ஓய்வூதியர் எழுதியது:

வாசகம் நன்றாக இருக்கிறது. வங்கியில் இருந்திருந்தால் இப்படி எழுதிய ஏஜென்டின் ஃபைலைத்தான் நான் முதலில் எடுத்திருப்பேன். மண்ணடி நண்பரே, பதில் போடாத கப்பல் நிறுவனங்களின் நிலுவையை உங்கள் ஆடிட்டர் வேறெப்படிச் சரிபார்த்தார் என்பதையும் கேட்டு வையுங்கள். பின்னால் கட்டிய பணத்தின் வங்கி விவரத்தைப் பார்த்திருந்தால் போதும். அதைக்கூட நெதர்லாந்து கேட்கலாம்.


மண்ணடி கணக்குப்பிள்ளை எழுதியது:

கேட்டேன் ஐயா. ஏப்ரல், மே மாத வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறார். ஃபைலில் தாள் இருக்கிறது. வாசகத்தையும் காட்டினேன். கிளையைப் பற்றிய வரியை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு, தம் அறிக்கையிலுள்ள பத்தியோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும்படி திருத்திக் கொடுத்தார். வருவாயைப் பிரிக்கும் வேலை இந்த ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறது; பில் ஆஃப் லேடிங் வாரியாகப் பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.